ஏழாவது கம்பம்

பம்புக்காரருக்கு ஒரு பழக்கம் உண்டு. எது கெட்டாலும் முதலில் இயந்திரத்தைத்தான் சந்தேகப்படுவார். தண்ணீர் ஏறவில்லை என்று யாராவது கடைக்கு ஓடி வந்தால், கீழ்த்தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா என்றுகூடக் கேட்க மாட்டார். ஸ்பேனர் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். பம்பை அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றிப் போட்ட பிறகுதான், வீட்டுக்காரர் வால்வைத் திறக்க மறந்தது தெரியவரும். "பிரிச்சதும் நல்லதுதான், உள்ளே எவ்வளவு அழுக்கு பாருங்க" என்று சொல்லிக்கொண்டே திரும்பப் பூட்டுவார். முப்பது வருஷம் இப்படித்தான் தொழில் செய்தார். பெயரும் கெடவில்லை. ஆனால் இந்தப் பழக்கத்தால்தான் மனைவியைப் பறிகொடுத்தேன் என்று இன்று அவரே சொல்கிறார். வேறு யாராவது சொல்லியிருந்தால் அடிக்கப் போயிருக்கலாம். அவரே சொல்லும்போது என்ன செய்வது?

அவர் மனைவிக்கு வேலை மேட்டின் உச்சியில் இருந்த ஆஸ்பத்திரியில், துணி அறையில். வார்டுகளிலிருந்து வரும் அழுக்கு விரிப்புகளை எண்ணி, மூட்டை கட்டி, பலகை போட்ட எடை மெஷினில் வைத்து எடை பார்த்து, சலவைக்கு அனுப்ப வேண்டும். வெளுத்து வந்ததில் கிழிசலைத் தைத்து அடுக்க வேண்டும். பஸ் அடிவாரத்தோடு நின்றுவிடும். அங்கிருந்து வாசல் வரை பதினோரு மின்கம்பங்கள். முதல் மூன்று கம்பம் வரை சாலை ஒன்றும் தெரியாததுபோல இருக்கும். அதற்குப் பிறகு ஒவ்வொரு கம்பத்துக்கும் கொஞ்சம் கொஞ்சமாகச் செங்குத்தாகும். இருபத்திரண்டு வருஷம் அதை நடந்தே ஏறினாள். ஐம்பது தாண்டியதும் குதிகால் வலி பிடித்துக்கொண்டது.

"ஆஸ்பத்திரியைக் கொண்டுபோய் இவ்வளவு உயரத்துல கட்டினவன் மட்டும் கையில கிடைச்சான்னா, நாலு வார்த்தை நறுக்குன்னு கேட்டுடுவேன்" என்பாள், வெந்நீரில் காலை வைத்தபடி.

"நான் ஒரு வண்டி கட்டித் தரேன். இனிமே அந்த மேட்டுல நீ ஒரு அடிகூட நடக்கக் கூடாது" என்றார் ஒரு நாள்.

"நீங்க ஓட்டி நான் பின்னால உட்கார்ந்தா, நடக்கிறதே தேவலைன்னு தோணும்."

ஆளுக்கு ஒரு கிண்டல் வைத்திருக்கும் வீடு அது. அவள் கிண்டல் செய்தால் அவருக்கு வேகம் வந்துவிடும்.

கடையில் ஒரு மூலையில், மருந்து தெளிக்கும் இயந்திரத்தின் சின்ன எஞ்சின் ஒன்று கிடந்தது. கொடுத்தவர் திரும்பி வரவே இல்லை. அதைத் துடைத்து, பிஸ்டனுக்குப் புது வளையம் போட்டு, கயிற்றை இழுத்துப் பார்த்தார். மூன்றாவது இழுப்பில் உயிர் வந்தது. தன்னுடைய பழைய இரட்டைக் கம்பி சைக்கிளை வீட்டு முற்றத்தில் தலைகீழாகக் கவிழ்த்துப் போட்டார். காலண்டர் தாளின் பின்பக்கத்தில் படம் வரைந்தார். முதல் திட்டப்படி எஞ்சின் பின் கேரியரில் உட்காரும், அதன் உருளை டயரை உரசி ஓட்டும். இரண்டு வாரம் மண்டையைக் குடைந்து எல்லாம் பூட்டி முடித்து, மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார். அவள் இரண்டு முறை சுற்றி வந்து பார்த்தாள்.

"எல்லாம் சரிதாங்க. நான் எங்க உட்காருறது? எஞ்சின் மடியிலயா?"

யாருக்காக வண்டி என்பதையே மறந்துவிட்டு வண்டி கட்டியிருந்தார். அன்று அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவரும் சிரித்தார்.

இரண்டாவது திட்டத்தில் எஞ்சின் சைக்கிள் கம்பிகளுக்கு நடுவே, முழங்கால்களுக்கு இடையில் இறங்கியது. இரும்புப் பட்டையை வளைத்துத் தாங்கி செய்தார். அதிர்வு தெரியாமல் இருக்க லாரி டியூபை வெட்டி நடுவில் வைத்தார். எஞ்சின் அகலமாக இருந்ததால் மிதிகட்டை இடித்தது. அதைக் காய்ச்சி வெளிப்பக்கமாக வளைத்தார். அதன்பிறகு அவர் சைக்கிள் மிதிப்பதைப் பார்த்தால் தவளை நீந்துவதைப் பார்ப்பதுபோல இருக்கும். எஞ்சின் செயின் மாட்ட, பின்சக்கரத்தின் இடப்பக்கம், ஆரக்கம்பிகளோடு சேர்த்து ஒரு பெரிய பல்சக்கரத்தை ரப்பர் வட்டம் வைத்து முடுக்கினார். நாற்பத்துநாலு பல். அது கோணல்மாணலாகச் சுற்றாமல் நிற்க, நூலும் ஆணியும் வைத்து ஒன்பது நாள் பாடுபட்டார். புகைக்குழாய்க்குப் பவுடர் டப்பா. பத்தடி மிதித்துவிட்டு இடது கைப்பிடியில் கிளட்சை விட்டால் எஞ்சின் பிடித்துக்கொள்ளும்.

உட்காரும் மெத்தையை அவளே தைத்தாள். மேட்டில் பின்னால் சாய்ந்து விழுந்துவிடுவோமோ என்ற பயத்தில் சாய்மானம் கேட்டாள். உடைந்த நாற்காலி ஒன்றின் முதுகை வெட்டிப் பொருத்தினார். அப்போதும் பயம் போகவில்லை. தன்னுடைய பழைய தோல் பெல்டை இடுப்புவாராக மாட்டிவிட்டார். வாரில் ஒரே ஒரு துளை போட்டார், அவள் இடுப்புக்குச் சரியாக.

சோதனை என்றால் நேர்மையாக இருக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. மேட்டில் மிதிக்கவே கூடாது, எஞ்சின் எந்தக் கம்பம் வரை தானாக இழுக்கிறது என்று பார்க்க வேண்டும், அதை நோட்டில் எழுத வேண்டும். முதல் நாள் எஞ்சின் மூன்று கம்பத்தைத் தாண்டியதும் முனகியது. நாலாவது கம்பத்தடியில் நின்றுபோனது.

"கொஞ்சம் இறங்கு" என்றார், திரும்பிப் பார்க்காமல்.

"கொஞ்சம் மிதிச்சா என்ன? குடியா முழுகிடும்?"

"மிதிச்சா எஞ்சினோட பலம் எப்படித் தெரியும்?"

அவள் வாரை அவிழ்த்துக்கொண்டு இறங்கி, மிச்சம் ஏழு கம்பமும் நடந்தாள். அவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு கூடவே வந்தார். ஒரு அடிகூட நடக்கக் கூடாது என்று வாக்குக் கொடுத்தவருக்கு அவமானமாகத்தான் இருந்தது. ஆஸ்பத்திரி வாசலில், "வண்டி ரொம்ப நல்லா இருக்கு. நல்லாத் தள்ளுறீங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். சட்டைப்பை நோட்டில் தேதி போட்டு, 'நாலு' என்று எழுதினார்.

அடுத்த மாதம் நாற்பத்துநாலு பல்லைக் கழற்றிவிட்டு நாற்பத்தெட்டு போட்டார். வேகம் குறைந்தது, இழுவை கூடியது. வண்டி ஒரே தாவாக ஏழாவது கம்பம் வரை போய் நின்றது. அவள் அங்கே இறங்கி நாலு கம்பம் மட்டும் நடந்தாள். இரண்டு மாதம் அது ஏழிலேயே இருந்தது. அவர் என்னென்னவோ செய்து பார்த்தார். ஒரு அடி கூடவில்லை.

அப்புறம் ஒரு வாரம், பவுடர் டப்பாவைக் கழற்றி உள்ளே படிந்த கரியைச் சுரண்டினார். மறுநாள் வண்டி எட்டாவது கம்பத்தைத் தொட்டது. அவருக்குத் தலைகால் புரியவில்லை. நடுரோட்டில் வண்டியை நிறுத்திவிட்டுக் குதித்தார். "பார்த்தியா? மூச்சு அடைச்சுக்கிட்டு இருந்திருக்கு!" என்றார். "ஆமாங்க" என்றாள் அவள். பிளக்கை மாற்றினார், ஒன்பதுக்குப் போனது. அதற்குப் பிறகு அவர் எதையுமே தொடவில்லை. ஆறு வாரத்தில் வண்டி தானாகப் பத்தாவது கம்பத்துக்கு வந்தது. அதற்கும் அவரிடம் காரணம் இருந்தது. எஞ்சின் ஓட ஓடத்தான் பழகும், உள்ளே எல்லாம் ஒன்றோடொன்று தேய்ந்து செட்டாகும் என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் விளக்கினார். அப்படி நடப்பதும் உண்டுதான். அதனால்தான் அவருக்குச் சந்தேகம் வரவில்லை.

இதற்கிடையில் இடுப்புவார் தளர்ந்துபோனது. "கொஞ்சம் லூசா இருக்குங்க" என்றாள். ஆணியும் சுத்தியலும் எடுத்து இன்னொரு துளை போட்டார். "தோல் இல்லையா, இழுத்துக்கும்" என்றார். மூன்று மாதம் கழித்து இன்னொரு துளை. பிறகு ஒன்று. அவள் ரவிக்கைகளை ஒவ்வொன்றாகப் பிரித்துக் கைத்தையல் போட்டுக்கொண்டிருந்தாள். அவர் எதிரே உட்கார்ந்து கார்புரேட்டரைப் பெட்ரோலில் கழுவிக்கொண்டிருந்தார். சாப்பாட்டில் பாதியை மூடி வைப்பாள். "பசிக்கலை, அங்கேயே டீ குடிச்சிட்டேன்" என்பாள். எஞ்சின் சத்தத்தில் ஒரு சின்னத் தடுமாற்றம் இருந்தாலும் தூக்கத்திலிருந்து எழுந்து உட்காரும் மனுஷர். கண் எதிரே இருந்த மனைவியைப் பார்க்கத் தெரியவில்லை. பாசம் இல்லாமல் இல்லை. தினமும் பார்த்த முகம், அவ்வளவுதான்.

பதினோராவது கம்பம் ஒரு திங்கட்கிழமை வந்தது. வண்டி சத்தம் மாறாமல் ஏறி, கம்பத்தைத் தாண்டி, ஆஸ்பத்திரி வாசலுக்குள்ளேயே போய் நின்றது. அவள் கால் தரையில் படவே இல்லை. அவர் வாட்ச்மேனின் கையைப் பிடித்துக் குலுக்கினார். வாட்ச்மேனுக்கு எதற்கு என்று தெரியவில்லை. "சொன்னேனா இல்லையா? ஒரு அடி நடந்தியா இன்னைக்கு?" என்று அவளிடம் கேட்டார். அவள் சாய்மானத்தைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கினாள். அவர் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"இல்லைங்க. ஒரு அடி நடக்கலை" என்றாள்.

அவர் நோட்டில் 'பதினொன்று' என்று எழுதி, கீழே இரண்டு கோடு போட்டார்.

அந்த மாதக் கடைசியில் மகள் வந்தாள். தொலைவில் குடும்பம் நடத்துகிறவள். எட்டு மாதம் கழித்து வருகிறாள். கதவைத் திறந்த அம்மாவைப் பார்த்து, பையைக் கீழே போட்டுவிட்டாள்.

"அம்மா... என்னம்மா இது, இப்படி ஆயிட்ட?"

பம்புக்காரர் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார். "எப்படி ஆயிட்டா? நல்லாத்தானே இருக்கா" என்றார். மகள் திரும்பி அவரைப் பார்த்தாள். மகளின் தோளுக்கு மேலே தெரிந்த மனைவியின் முகத்தை அப்போதுதான் பார்த்தார். கன்னம் ஒட்டியிருந்தது. கழுத்தெலும்பு துருத்திக்கொண்டிருந்தது. எப்போது இப்படியானாள் என்று அவரால் சொல்ல முடியவில்லை.

மறுநாள் அதே ஆஸ்பத்திரிக்கு மூன்று பேரும் போனார்கள். மகள் வாடகைக் கார் பிடிக்கலாம் என்றாள். "நான் வண்டியிலேயே வரேன்" என்று அம்மா பிடிவாதமாகச் சொல்லிவிட்டாள். மகள் பஸ்ஸில் வந்தாள். அன்று வண்டி பாதி ஆக்சிலேட்டரிலேயே ஏறியது. பத்து நாள் முன்பாக இருந்திருந்தால் அதற்கும் ஒரு குதி குதித்திருப்பார்.

டாக்டரம்மா அவளை எடை மெஷினில் ஏறச் சொன்னார். பிறகு பழைய கோப்பைப் புரட்டினார். "போன வருஷம் ஊழியர் பரிசோதனையில அறுபத்தெட்டு கிலோ. இப்ப நாற்பத்தொன்பது. எப்ப இருந்து இப்படி இறங்குது?"

மகள் அப்பாவைப் பார்த்தாள். மனைவி தரையைப் பார்த்தாள். பம்புக்காரர் அந்த எண்ணைக் கழித்துக்கொண்டிருந்தார். பத்தொன்பது கிலோ. இழுவை தெரிந்த எந்த மெக்கானிக்குக்கும், மேட்டில் பத்தொன்பது கிலோ என்றால் என்ன என்று தெரியும். சட்டைப்பையிலிருந்து நோட்டை எடுத்தார். தேடிய பக்கத்தைத் தாண்டித் தாண்டிப் புரட்டினார். டாக்டரம்மாவே வாங்கிப் பார்த்தார்.

"தேதி போட்டு வச்சிருக்கீங்களே. ஏழு, எட்டு, ஒன்பது... இது என்ன கணக்கு?"

"கம்பம்மா" என்றார். "வண்டி எந்தக் கம்பம் வரைக்கும் ஏறுதுன்னு... இவளை வச்சுக்கிட்டு. நான்... எஞ்சின் நல்லாயிடுச்சுன்னு நினைச்சேன்."

டாக்டரம்மாவுக்குப் புரிவதற்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. நோட்டைப் பார்த்து, தேதிகளை வரிசையாகக் கோப்பில் எழுதிக்கொண்டார்.

கணையத்தில் கட்டி. படம் எடுத்துப் பார்த்ததில் ஈரல் வரைக்கும் போயிருந்தது. ஆறேழு மாதம் முன்னால் வந்திருந்தால் ஒருவேளை வெட்டி எடுத்திருக்கலாம், இப்போது வலி தெரியாமல் பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். ஆறேழு மாதம் முன்னால் என்றால் எட்டாவது கம்பம். அவர் நடுரோட்டில் குதித்த நாள். வராந்தாவில் மகள், "கூடவேதானே இருந்தீங்க, அப்பா? தினமும் கூட்டிட்டுப் போனீங்களே" என்று அழுதாள். ஒரு வருஷம், தினமும் காலையில், அவர் தன் கையாலேயே அவளை ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டிருக்கிறார். டாக்டர்கள் அவளைக் கடந்துதான் போய்வந்திருக்கிறார்கள்.

அவள் அதே ஆஸ்பத்திரியில் படுத்தாள். மேலே போர்த்திய விரிப்பில் அவளே போட்ட தையல் இருந்தது. ஒரு பிற்பகல், மகள் மருந்து வாங்கப் போனபோது, அவர் கட்டிலருகே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.

"உனக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

"தெரியும். துணி மூட்டை எடை போடுற மெஷின்ல வாரம் ஒரு தடவை ஏறி நிப்பேன்."

"ஏன் சொல்லலை?"

அவள் விரிப்பின் தையலை விரலால் தடவினாள். "பயம்" என்றாள் பிறகு. "துணி அறையில இருந்தா என்னென்ன வார்டுல இருந்து என்னென்ன துணி வருதுன்னு தெரியும்ங்க. எனக்கு அங்க போக வேண்டாம்னு இருந்துச்சு. அப்புறம், நீங்க ஒவ்வொரு கம்பத்துக்கும் ஒரு காரணம் சொன்னீங்க பாருங்க. கரி, பிளக்கு, எஞ்சின் பழகிடுச்சுன்னு. அதைக் கேட்கக் கேட்க, இந்த மனுஷனுக்குத் தெரியாததா, எஞ்சின்தான் நல்லாயிருக்கும், மெஷின்லதான் முள்ளு கோளாறுன்னு நானும் நம்ப ஆரம்பிச்சிட்டேன்."

அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதார். "விடுங்க" என்றாள். "ஒரு வருஷம் ராணி மாதிரி உட்கார்ந்து வந்தேன்ல."

ஐந்து வாரத்தில் போய்ச் சேர்ந்தாள்.

மகள் பத்து நாள் இருந்துவிட்டு, அவரைத் தன்னோடு வரச் சொல்லிப் பார்த்தாள். அவர் அசையவில்லை. வண்டி முற்றத்தில் சாக்கு மூடிக் கிடந்தது. இரண்டு மாதம் கழித்து ஆஸ்பத்திரியிலிருந்து ஆள் வந்தது: துணி அறை அலமாரியில் அவளுடைய சாமான்கள் இருக்கின்றன, வந்து எடுத்துக்கொள்ள வேண்டும்.

அன்று காலை அவர் வண்டி மேலிருந்த சாக்கை எடுத்தார். அவர் மனதில் ஒரே ஒரு சந்தேகம் மிச்சம் இருந்தது. எஞ்சின் உண்மையிலேயே கொஞ்சமாவது தேறியதா? கரி எடுத்ததில் ஒரு கம்பமாவது கூடியிருக்காதா? பிளக்கில் ஒன்று? அப்படியானால் அவர் சொன்ன காரணங்களில் பாதியாவது உண்மை. பாதி உண்மை என்றால், அவர் குருடாக இருந்ததும் பாதிதான். அந்தப் பாதிக்காக அவர் எதை வேண்டுமானாலும் கொடுக்கத் தயாராக இருந்தார்.

வண்டியைக் கடைக்குத் தள்ளிக்கொண்டு போய், அங்கே கிடந்த மணலைச் சாக்கில் அள்ளினார். தராசில் வைத்து, கைப்பிடி கைப்பிடியாகப் போட்டு, அறுபத்தெட்டு கிலோ சரியாக நின்றதும் வாயைக் கட்டினார். மெத்தைமேல் சாக்கைத் தூக்கி உட்கார வைப்பதற்குள் மூச்சு வாங்கியது. சாய்மானத்தோடு சேர்த்து வாரைச் சுற்றினார். கடைசித் துளை எட்டவில்லை, அதற்கு முந்தியதும் எட்டவில்லை. முதன்முதலில் போட்ட துளையில் இழுத்து மாட்டினார். கச்சிதமாக மாட்டிக்கொண்டது. தோல் ஒரு விரல்கடைகூட இழுத்துக்கொள்ளவில்லை.

புது பெட்ரோல், சரியான எண்ணெய்க் கலவை, துடைத்த பிளக். பத்தடி மிதித்து கிளட்சை விட்டார். அடிவாரத்தில் பஸ்ஸுக்கு நின்றவர்கள், பம்புக்காரர் ஒரு மூட்டையைப் பெல்ட் போட்டு உட்கார வைத்துக்கொண்டு போவதைப் பார்த்தார்கள். முதல் கம்பம். மூன்று. நாலு. வண்டி நன்றாகவே இழுத்தது. ஐந்தில் சத்தம் கனத்தது. "வா, வா" என்றார் எஞ்சினிடம். ஆறில் முனகியது. அவர் முன்னால் குனிந்தார், தன் எடையைக் குறைத்துக்கொள்ள முடியும் என்பதுபோல. "எட்டு போயிடு போதும். ஒரே ஒரு கம்பம்" என்று கெஞ்சினார். வாழ்க்கையில் எந்த இயந்திரத்திடமும் அவர் கெஞ்சியதில்லை.

ஏழாவது கம்பத்தடியில் எஞ்சின் நின்றது.

அவர் இரண்டு காலையும் ஊன்றிக்கொண்டு, பிரேக்கைப் பிடித்தபடி நின்றார். மேலே நாலு கம்பம் இருந்தது. எட்டு, ஒன்பது, பத்து, பதினொன்று. நாலும் அவளே. அவர் நோட்டை எடுக்கவில்லை.

இறங்கினார். கைப்பிடியை ஒரு கையாலும் சாய்மானத்தை மறு கையாலும் பிடித்துக்கொண்டு வண்டியை மேல்நோக்கித் தள்ள ஆரம்பித்தார். எதிரே இறங்கி வந்த ஒருவர், "மூட்டையை இறக்கி வச்சிட்டு எஞ்சினைப் போடுங்க, பெரியவரே. காலியா ஏறிடும்" என்றார். பம்புக்காரர் காதில் வாங்கவில்லை. சாக்கு ஒரு பக்கமாகச் சரிந்தபோது தோளைக் கொடுத்து நிமிர்த்தினார்.

"நீ இறங்காத" என்றார். "உட்காரு. நான் தள்ளுறேன்."